நான் ரோபோ அல்ல

ஸ்டேஜ் நாலு. எட்டு மணிக்குப் போகும் என்றார்கள்,
ஏழு ஐம்பத்தாறுக்கே போய்விட்டது.
இந்த நாட்டில் சொன்ன நேரத்துக்கு நடக்கிற ஒரே காரியம்,
அதற்கும் இன்று அவசரம்.
சாட்ஸ்வர்த் மேட்டில் எங்கள் வரிசை முழுக்க
ஒரே மூச்சில் இருண்டது.
முனுசாமி வீட்டு அலாரம் மட்டும்
பேட்டரி இருக்கும்வரை அழுதது.

சுவர் சுவிட்சுகளைத் தடவித் தடவி அணைத்தேன்.
சொல்லாமல் போகிற கரண்ட்
வரும்போது கதவை உதைத்துக்கொண்டு வரும்.
போன வருஷம் அப்படி வந்ததில்தான்
பழைய கம்ப்யூட்டர் ஒரு தடவை இருமிவிட்டுச் செத்தது,
நாலு வருஷத்துப் பள்ளிச் சீருடைக் கணக்கை
மடியில் கட்டிக்கொண்டு.

அன்றிலிருந்து கணக்கு மூன்று இடத்தில்:
லேப்டாப்பில்,
ஜொகன்னஸ்பர்க்கில் மகள் கெரிஷ்னியிடம்,
பருப்பு டப்பாவுக்குள் ஒரு பென்டிரைவில்.
எந்தப் பருப்பு என்று சொல்வதாயில்லை.

வரி தாக்கல் செய்ய இன்று கடைசி நாள்.
லேப்டாப்பில் முப்பத்தொரு சதவீதம்.
திரை வெளிச்சத்தைத் தாழ்த்தினேன்,
மூலையில் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்த
எல்லாவற்றையும் மூடினேன்.
செல்போனிலிருந்து இன்டர்நெட் கடன்.
இரண்டு கோடாவது வருவது குளியலறை ஜன்னலில்தான்.
ஆகவே தொட்டி விளிம்பில் நான்,
கக்கூஸ் மூடிமேல் ரசீதுகள்.

கடவுச்சொல் தவறு என்றது.
தவறில்லை. இருட்டில் கேப்ஸ் லாக்கை
என் சுண்டுவிரல் மிதித்திருந்தது.
மறுபடி அடித்தேன், ஒவ்வோர் எழுத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு.

அப்புறம் கேட்டது: நீங்கள் ரோபோவா?
இல்லை என்று டிக் போட்டேன்.
நம்பவில்லை.
ஒன்பது கட்டம் காட்டி,
ட்ராஃபிக் லைட் உள்ளவற்றைத் தொடு என்றது.

எங்கள் ஊரில் ட்ராஃபிக் லைட்டுக்குப் பெயரே ரோபோ.
"ரோபோவில் இடது திரும்பு",
"ரோபோ தாண்டி இறங்கணும்"
என்றுதான் டாக்சிக்காரனிடம் சொல்லிப் பழக்கம்.
ரோபோ அல்ல என்று நிரூபிக்க
ரோபோக்களை எண்ணு என்கிறது
ஒரு ரோபோ.

எங்கேயோ பனி கொட்டும் தெரு.
கம்பியில் தொங்கும் மஞ்சள் பெட்டிகள்.
எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.
கம்பம் மட்டும் எட்டிப்பார்க்கும் கட்டத்தைச் சேர்ப்பதா?
சேர்த்தேன். தப்பு.
விட்டேன். அதுவும் தப்பு.
பதினெட்டு சதவீதம்.

நடுவில் தெரியாத எண்ணிலிருந்து ஒருவன்:
"மேடம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்."
"கரண்டே இல்லை தம்பி, அது எங்கே உட்காரும்?"
கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாஸ்வேர்டு கேட்டான்.
அந்த வார்த்தை வந்ததும் வைத்துவிட வேண்டும்,
கேட்பவன் வங்கி மேனேஜரின் சொந்த வாயே ஆனாலும்.
வைத்தேன். இன்டர்நெட்டும் போய் வந்தது.
நல்லவேளை, பக்கத்துக்குப் பக்கம் சேமித்திருந்தேன்.

ஆறு சதவீதத்தில்: "பெறப்பட்டது."
அந்த ஒரு வார்த்தையைச் செல்போனில் படம் பிடித்தேன்.
நாளை அது இல்லையென்று சொல்லலாம்.

தனபாலன் வரும்போது ஒன்பதே முக்கால்.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
ஹைவேயிலிருந்து இறங்கும் சந்தியில் ரோபோ செத்துக் கிடந்ததாம்.
நாலு பக்கமும் வண்டி, விட்டுக்கொடுக்க ஆளில்லை.
காரை ஓரங்கட்டிவிட்டு, டார்ச்சோடு
நடுவில் போய் நின்றிருக்கிறார் இந்த மனுஷன்.
ஒரு மினிபஸ் டிரைவர் கெட்ட வார்த்தை சொன்னானாம்,
இன்னொருவன் வாழைப்பழம் கொடுத்தானாம்.
"நாற்பது நிமிஷம், நீலா,
நான்தான் ரோபோ."

செல்போன் வெளிச்சத்தை அவர் முகத்தில் அடித்தேன்.
வியர்வை, மீசையில் புழுதி.
சந்தேகமே இல்லாத ஒரு கட்டம்.
தொட்டேன்.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது,
உதைத்துக்கொண்டு.
ஃபிரிட்ஜ் சுவிட்சை மட்டும்
அணைக்க மறந்திருந்தேன்.